அட்டை வரைந்தவர் பெயர்

வேளாங்கண்ணியில் பேருந்தை விட்டு இறங்கிப் பேராலயத்துக்கு நடக்கிற கடைத்தெருவில் மெழுகுவத்தி, தென்னங்கன்று, மாதா சுரூபம், எண்ணெய் பாட்டில் இவற்றுக்கு நடுவே நவநாள் செபப் புத்தகமும் இருக்கும். உள்ளங்கை அகலம், கொஞ்சம் பக்கங்கள், முதுகில் இரண்டு பின். அட்டையில் முடி சூடி, சேலை உடுத்தி, குழந்தையை ஏந்தி நிற்கும் ஆரோக்கிய மாதா. சிலவற்றில் பின்னால் வெள்ளைக் கோபுரங்கள். தாள் மாறும், விலை மாறும், அச்சிடுகிறவர் மாறுவார். அந்தப் படம் மாறாது. மாறினால் வாங்குகிறவருக்கு அடையாளம் தெரியாது. வாசிக்கத் தெரியாத பாட்டியும் வாங்கிப் போய் வீட்டு அலமாரியில் சாத்தி வைத்து அதன் முன்னால் வத்தி கொளுத்துவார். அட்டையே புத்தகம் ஆகிவிட்ட இடம் அது.

அந்தப் படத்தை யார் வரைந்தார் என்று புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. பக்திப் புத்தகத்தில் அது பெரிய குறையாகத் தெரிவதில்லை. ஆனால் நாவல், சிறுகதை, கவிதை என்று வாங்கி வீட்டில் அடுக்கியிருக்கிற தமிழ்ப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தாலும் கணிசமானவற்றில் நிலைமை இதுதான். அச்சகத்தின் பெயர் இருக்கும், ஒளியச்சு செய்தவர் பெயர் இருக்கும், தாளின் எடைகூட இருக்கும். அட்டை வரைந்தவர் பெயர் இருக்காது.

அட்டையின் வேலை என்ன என்று பதிப்பகத்தாரைக் கேட்டால், கண்காட்சியில் நடந்து போகிறவரை நிறுத்த வேண்டும் என்பார். எழுத்தாளர், என் கதையைச் சொல்ல வேண்டும் என்பார். ஓவியர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அது படமாகவும் தேற வேண்டும் என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வார். இந்த மூன்று ஆசைகளும் ஒரே ஐந்தரை அங்குல அகலத்துக்குள் அடிதடி செய்துகொள்கின்றன. தமிழில் இந்தச் சண்டை எப்படி நடந்தது, யார் ஜெயித்தார்கள் என்று பார்க்கிறது இந்தக் கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழின் சிறந்த கதை ஓவியர்கள் கதையோடு வாழ்ந்தது பத்திரிகைப் பக்கங்களில். புத்தகம் அவர்களுக்கு மிச்சம் மீதியைத்தான் கொடுத்தது.

எழுத்தே முகப்பாக இருந்த காலம்

வேளாங்கண்ணியிலிருந்து கடலோரமாக வடக்கே போனால் நாகப்பட்டினம், காரைக்கால் தாண்டித் தரங்கம்பாடி. 1706இல் அங்கே வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்குவுக்கு 1712இல் அச்சு இயந்திரம் வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை, தாளைத் தின்றன. பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கிச் சிறிய எழுத்து வார்த்தார்கள் என்பது அச்சு வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. தாளுக்காகப் பொறையாறில் ஆலையும் போட்டுப் பார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது. இத்தனை பாடுபட்டவர்களுக்கு அட்டையில் படம் போடும் எண்ணம் வந்திருக்க வழியில்லை. அந்தக் காலத்துப் புத்தகம் தைத்த தாள் கட்டுதான். தோலோ துணியோ போட்டுக் கட்டிக்கொள்வது வைத்திருப்பவர் பொறுப்பு.

19ஆம் நூற்றாண்டிலும் முகப்பு என்றால் எழுத்துதான். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வந்தது. தமிழின் முதல் நாவல் என்று நாம் சொல்வது. அந்தத் தலைமுறைப் புத்தகங்களின் முதல் பக்கத்தைப் பார்த்தால் நூலின் பெயர், ஆசிரியரின் பெயர், அவர் பார்க்கும் உத்தியோகம், அச்சுக்கூடம், ஆண்டு என்று அளவு குறைந்துகொண்டே போகும் எழுத்து வரிசை. கல்வெட்டு மாதிரி. அழகில்லை என்று சொல்ல மாட்டேன். கம்போசிட்டர் கையில் இருந்த நாலைந்து அளவு எழுத்தையும் ஒரு பூவேலைக் கோட்டையும் வைத்துக்கொண்டு செய்த அடக்கமான வடிவமைப்பு அது. இன்று அட்டையில் ஏழெட்டு வகை எழுத்தைக் கொட்டுகிறவர்கள் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

படம் முதலில் ஏறியது படித்தவர்கள் மதிக்காத புத்தகங்களில். நல்லதங்காள் கதை, விக்கிரமாதித்தன் கதை என்று திருவிழாக் கூட்டத்தில் விற்ற பெரிய எழுத்துப் புத்தகங்களுக்கு அட்டையிலேயே ராஜாவும் ராணியும் வந்துவிட்டார்கள். மரக்கட்டையில் செதுக்கிய படம். ஒரு கதைக்குச் செதுக்கிய ராஜா இன்னொரு கதைக்கும் ராஜாவாகப் போவார். வாங்குகிறவர்களும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. செபப் புத்தக அட்டைக்கும் இந்த அட்டைகளுக்கும் நேர் உறவு உண்டு. இரண்டும் திருவிழாச் சந்தையில் பிறந்தவை, இரண்டும் பார்த்தவுடன் இன்னது என்று சொல்லிவிட வேண்டியவை.

பத்திரிகையில் படத்தின் பலத்தை முதலில் புரிந்துகொண்டவர் பாரதி. 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் அரசியல் கேலிச்சித்திரத்தை முகப்புக்கே கொண்டுவந்தார். பத்திரிகை திறந்த அந்தக் கதவு வழியாகத்தான் பிறகு ஓவியர்கள் எல்லாரும் தமிழ் எழுத்துக்குள் வந்தார்கள். புத்தகம் வழியாக வந்தவர் அநேகமாக இல்லை.

வாரா வாரம் வரைந்தவர்கள்

திருத்துறைப்பூண்டிக்காரரான எஸ்.எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்கினார். மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி அதில் எழுதினார், பிறகு 1941இல் சொந்தப் பத்திரிகை தொடங்கினார். தஞ்சாவூரில் 1924இல் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்த கோபுலு, விகடன் ஓவியர் மாலியின் பார்வையில் பட்டு அந்தப் பத்திரிகைக்குள் போனார். தமிழ் வாரப் பத்திரிகையின் முதலாளி, எழுத்தாளர், ஓவியர் என்று மூன்று நாற்காலியிலும் காவிரிப் படுகைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் அந்தப் பக்கங்களில் வரும் திண்ணை, வாய்க்கால், குடுமி, மடிசார் எல்லாம் விசாரித்து வரைந்தவை அல்ல, பார்த்து வளர்ந்தவை.

கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் எழுதிய தில்லானா மோகனாம்பாளுக்கு 1950களின் பிற்பகுதியில் கோபுலு வாரா வாரம் படம் போட்டார். நாயகன் சிக்கல் சண்முகசுந்தரம், நாயகி திருவாரூர் மோகனாம்பாள். சிக்கல் இருப்பது நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் போகும் வழியில். நாகஸ்வரக்காரர் உட்காரும் விதம், தவில்காரர் தோளைச் சாய்க்கும் கோணம், கச்சேரி கேட்கிறவர்களின் முகம் இவற்றைக் கோபுலுவின் கோடு பிடித்ததைப் போல 1968இல் வந்த திரைப்படத்தின் கேமராவும் பிடித்ததா என்று எனக்குச் சந்தேகம்தான். சிவாஜி ரசிகர்கள் மன்னிக்க வேண்டும்.

பொன்னியின் செல்வன் 1950 அக்டோபரில் கல்கியில் தொடங்கி 1954 மே வரை ஓடியது. மூன்றரை ஆண்டுக்கு மேல் ஒரே ஓவியர், மணியம். 1924இல் பிறந்து 1968இல் மறைந்தவர். நந்தினியின் சாய்ந்த ஆண்டாள் கொண்டையை எழுதியது கல்கியா வரைந்தது மணியமா என்று இன்றைக்கு வாசகரைக் கேட்டால் பிரித்துச் சொல்லத் தெரியாது. அவ்வளவு ஒட்டிவிட்டது. கல்கி கதைக்காக இலங்கைக்குப் போனபோது ஓவியரையும் அழைத்துப் போனார். எழுத்தாளர் பார்த்ததை ஓவியரும் பார்க்க வேண்டும் என்று நினைத்து அதற்குப் பணம் செலவழித்த பத்திரிகை அது. தமிழ்ப் பதிப்பகம் ஒன்று ஓர் அட்டைக்காக ஓவியரைக் கதை நடக்கும் ஊருக்கு அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் கதைக்குள் இந்த நாகப்பட்டினக் கடற்கரையும் வருகிறது. கோடிக்கரையில் பூங்குழலியின் படகு. நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம். இவற்றை வரைய உட்காரும் ஓவியரின் இக்கட்டை நினைத்துப் பாருங்கள். முதலாம் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய விகாரத்தில் இன்று ஒரு செங்கல்லும் நிற்கவில்லை. நாகப்பட்டினத்தில் கடைசியாக நின்ற பௌத்தக் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. கையில் இருப்பவை வால்டர் எலியட் 1846இல் பார்த்துப் பதிவு செய்த இடிபாட்டின் தோற்றமும், நாகப்பட்டினத்தில் மண்ணுக்கடியிலிருந்து 1856 முதல் கிடைத்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போன புத்தர் செப்புத் திருமேனிகளும். கோடிக்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் மிச்சமும் 2004 சுனாமியில் போயிற்று. ஆடை அணிகலனுக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியிலிருந்து 1931இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்கள் இருக்கின்றன; ஆடுகிற பெண்களின் இடுப்பு மணியிலிருந்து அடியார்களின் சடைமுடி வரை அங்கே பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் எல்லாம் ஓவியரின் ஊகம். தேர்ந்த ஓவியர் ஊகத்தையும் ஆதாரத்தின் பக்கத்திலேயே நிறுத்துவார். தேராதவர் விகாரத்துக்கு தாய்லாந்துக் காலண்டரைப் பார்த்துக் கூரை போடுவார்.

இனி இதன் சோகத்துக்கு வருகிறேன். தொடர் முடிந்து புத்தகமாக வரும்போது உள்ளே இருந்த படங்கள் அநேகமாகக் காணாமல் போயின. நூற்றுக்கணக்கான படங்களுக்குப் பிளாக் போட்டால் விலை எகிறும் என்பது பதிப்பாளரின் நியாயம். ஆக, அட்டையில் ஒரு வண்ணப்படம், உள்ளே வெறும் எழுத்து. வாசகர்கள் இதற்கு ஒரு மாற்று கண்டுபிடித்தார்கள். பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, வரிசையாக அடுக்கி, பைண்டரிடம் கொடுத்து காலிகோ துணி போட்டுக் கட்டினார்கள். டெல்டாவின் பழைய வீட்டுப் பரண்களில் அந்த பைண்டு வால்யூம்கள் இன்னும் கிடக்கின்றன. பிரித்தால் ஒரு பக்கம் வந்தியத்தேவன், அதன் பின்பக்கம் தலைவலித் தைல விளம்பரம். வெளியே அட்டையில் ஒரு படமும் இல்லை. உள்ளே முழுக்க மணியம். கடையில் வாங்கிய புத்தகமோ இதற்கு நேர் எதிர். எது உண்மையான பதிப்பு என்று என்னைக் கேட்டால் பைண்டரிடம் கட்டியதைத்தான் காட்டுவேன்.

இன்னொரு வரிசையும் இருக்கிறது. 1969இல் அகிலனின் பொன்மலருடன் ராணிமுத்து வந்தது. பிறகு மாலைமதி, பாக்கெட் நாவல், கிரைம் நாவல் என்று மாதாந்தர நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கின. ஜெயராஜ், மாருதி, அரஸ், ஷ்யாம் என்று அட்டை ஓவியர்களுக்குத் தனி ரசிகர்கள் உருவானார்கள். எழுத்தாளர் பெயரை எட்டி நின்று படிக்கும் முன்பே ஓவியர் யார் என்று கண் சொல்லிவிடும். மாருதி வரைந்த பெண்ணின் கண்ணையும் கன்னத்தையும் வேறு யாரோடும் குழப்ப முடியாது. புதுக்கோட்டைக்காரரான அவர் 2023இல் மறைந்தார். இந்த அட்டைகளை இலக்கிய வட்டாரம் ஏளனமாகத்தான் பார்த்தது. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் தமிழ் வெகுஜனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து ஷ்யாம் வரைந்த அட்டையோடு கொண்டுவந்தபோது ஆங்கில வாசகர்கள் அந்த அட்டைக்காகவே வாங்கினார்கள். நம் தெருவில் தொங்கியபோது மலிவாகத் தெரிந்தது, வழவழப்பான தாளில் கூடுதல் விலையில் வந்ததும் கலையாகத் தெரிந்தது. ஓவியரின் கை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

நவீன ஓவியம் அட்டைக்கு வந்தது சிற்றிதழ் வழியாக. 1970இல் தொடங்கிய ‘கசடதபற’வில் எழுதியவர்களில் ஞானக்கூத்தனும் சா. கந்தசாமியும் ந. முத்துசாமியும் மாயவரம் வட்டாரத்துக்காரர்கள். அவர்களுக்கும் சென்னை ஓவியக் கல்லூரியிலிருந்து வந்த ஆதிமூலம், பாஸ்கரன் போன்றோருக்கும் நட்பு உண்டாயிற்று. அந்தக் குழுவில் இருந்த எஸ். ராமகிருஷ்ணன் 1974இல் தொடங்கிய க்ரியா, புத்தகத்தின் உள்ளும் புறமும் ஒரே கவனத்தைக் கோரும் என்பதைத் தமிழுக்குக் காட்டியது. ஆதிமூலத்தின் பங்கு இரண்டு வகை. காந்தி நூற்றாண்டான 1969இல் காந்தியை வைத்து அவர் வரைந்த நூறு கோட்டோவியங்கள் எல்லாருக்கும் தெரியும். ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசிக்கு அவர் போட்ட கோடுகளும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாதது அவருடைய எழுத்து. தமிழ் எழுத்தையே தூரிகையால் படமாக வரைந்து பத்திரிகைத் தலைப்புகளுக்கும் புத்தகத் தலைப்புகளுக்கும் கொடுத்தார். ட்ராட்ஸ்கி மருது, பிறகு இந்தத் தலைமுறையில் சந்தோஷ் நாராயணன் என்று அந்தச் சரடு வேறு வேறு விதமாக நீள்கிறது.

கையெழுத்துப் பிரதியிலிருந்து ரேப்பர் வரை

அட்டையை அச்சகத்தில் ரேப்பர் என்பார்கள். அந்த ரேப்பர் பிறக்கும் விதம் அரை நூற்றாண்டில் தலைகீழாகிவிட்டது. பிளாக் காலத்தில் ஓவியர் அச்சில் வரும் அளவைவிட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு பெரிதாக இந்தியன் இங்க்கில் வரைவார். கேமராவில் சுருக்கும்போது கோட்டின் நடுக்கம் மறைந்து படம் இறுகும். துத்தநாகத் தகட்டில் அமிலம் அரித்து லைன் பிளாக் எடுப்பார்கள். மூவண்ண பிளாக் கட்டுபடியாகாது என்று பதிப்பாளர் கையை விரித்தால் ஓவியருக்குக் கிடைப்பது இரண்டு வண்ணம். கறுப்பு ஒன்று, சிவப்போ பச்சையோ இன்னொன்று. கெட்டிக்காரர் தாளின் வெள்ளையை மூன்றாவது வண்ணமாக எண்ணிக்கொள்வார். அன்றைய நல்ல அட்டைகள் பலவற்றின் இறுக்கம் இந்த வறுமையில் பிறந்தது. மெஷினில் இரண்டாவது வண்ணம் ஒரு நூல் தள்ளி விழுந்தால் முகத்துக்கு இரண்டு உதடு முளைக்கும் என்பதால், வண்ணங்கள் முட்டிக்கொள்ளாமல் எப்படி அமைப்பது என்பதும் ஓவியரின் பாடத்தில் சேர்த்தி.

இன்றைக்கு நாலு வண்ண ஆஃப்செட். வண்ணம் எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. மாறாதது, தொடங்கும் இடம். முறையாக வேலை செய்கிற ஓவியர் பிரதியை முழுக்கப் படிப்பார். படிக்கும்போதே ஓரத்தில் பொருள்களைக் குறித்துக்கொள்வார்: ஒரு சைக்கிள், ஒரு குத்துவிளக்கு, மூடிய ரைஸ் மில். பாத்திரங்களின் முகத்தைவிடப் பொருள்கள் பயன்படும். முகத்தை வரைந்தால் வாசகர் மனசில் இருக்கும் முகத்தோடு மோத வேண்டிவரும். அப்புறம் தீப்பெட்டி அளவில் எட்டுப் பத்துக் கிறுக்கல். அந்தச் சின்ன அளவிலேயே கண்ணில் நிற்காத யோசனை பெரிதாக்கினாலும் நிற்காது. வாசகர் இன்று அட்டையை முதலில் பார்ப்பதும் போன் திரையில் அந்தத் தீப்பெட்டி அளவில்தான்.

அடுத்த தலைவலி தலைப்பு. தமிழ் எழுத்து பக்கவாட்டில் அகலம் கேட்கும். மேலே கொம்பும் சுழியும் கீழே வாலும் இருப்பதால் வரிக்கு வரி இடைவெளியும் கேட்கும். நாலு சொல் தலைப்பு என்றால் அட்டையில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அதற்கு மேலே எழுத்தாளர் பெயர், கீழே பதிப்பகத்தின் சின்னம், விருது வாங்கியிருந்தால் அதற்கொரு வட்டம். ஓவியர் இந்த இடங்களை முதலிலேயே காலியாக விட்டு வரைய வேண்டும். விடாத ஓவியத்தில் டிடிபி செய்கிறவர் தலைப்பைக் கதாநாயகியின் நெற்றியில் ஒட்டுவார், எழுத்து தெரியவில்லை என்று அதைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுவார். படமும் போச்சு, எழுத்தும் போச்சு.

முதுகுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பலர் கோட்டை விடுவது இங்கேதான். 240 பக்கப் புத்தகம் என்றால் 120 தாள். 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். ஆக முதுகு 12 மில்லிமீட்டர். கடைசி நேரத்தில் பதிப்பாளர் இளமஞ்சள் நிறப் பருத்த தாளுக்கு மாறினால் முதுகு இன்னும் தடிக்கும், முன்னட்டைப் படம் முதுகின் மேல் ஏறிக்கொள்ளும். எழுத்தாளர் முன்னுரையை நாலு பக்கம் நீட்டினாலும் ஓவியர் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும். நாலு புறமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைந்து விட வேண்டும். கட்டிங் மெஷின் அதைச் சாப்பிடும். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டில் அச்சாகி மேட் லேமினேஷன் ஏறினால் வண்ணம் ஒரு படி அடங்கும். திரையில் பளீரென்று இருந்த மஞ்சள் கையில் வரும்போது மங்கினால் அச்சகத்தைத் திட்டிப் பயனில்லை. இதையெல்லாம் தெரிந்து வைத்திருக்கிற ஓவியருக்கும் தெரியாதவருக்கும் கொடுக்கப்படும் தொகை பெரும்பாலும் ஒன்றே.

அவசரம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. சென்னைப் புத்தகக் காட்சி டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ தொடங்கும். ஆண்டின் பாதிப் புத்தகங்களாவது அந்த ஒரு வாசலுக்குள் நுழைய முண்டுகின்றன. டிசம்பரில் ஓவியருக்கு வருவது பிரதி அல்ல. வாட்ஸ்அப்பில் நாலு வரிக் கதைச் சுருக்கம். கிராமத்துக் கதை, அம்மா மகன் பாசம், நாளைக்குள் வேண்டும். இதை வைத்துக்கொண்டு அவர் என்ன வரைவார்? இரண்டு பனைமரம், ஓர் ஒற்றையடிப் பாதை, நடந்து போகிற முதுகு.

எதை வரையாமல் விடுவது

டெல்டா நாவல் என்று சொன்னாலே ஓவியரின் கை பச்சை வயலுக்கும் கோபுரத்துக்கும் போகிறது. கும்பகோணத்துக் கதைக்கு அது சரியாக இருக்கலாம். கீழ்வேளூர் தாண்டிக் கடைமடைக்கு வந்தால் நிலத்தின் நிறமே வேறு. சவுக்குத் தோப்பு, இறால் குட்டை, தெற்கே வேதாரண்யத்து உப்பளம், ஆற்றுநீர் வருமா என்று காத்துக் கிடக்கும் சாம்பல் நிறத் தரிசு. இந்த ஊரில் தண்ணீர் ஒரே சமயத்தில் ஆசையும் பயமும். இதை வரைந்த அட்டைகள் சொற்பம். எழுதியவர்கள் இருக்கிறார்கள், வரைந்தவர்களுக்கு அந்த மண்ணைக் காட்டியவர்கள் இல்லை.

அதைவிடச் சிக்கலானது கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்ட ஊர், வேளாங்கண்ணியிலிருந்து அதிக தூரமில்லை. இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனலும் சோலை சுந்தரபெருமாளின் செந்நெல்லும் அதைப் பற்றியவை. இப்படிப்பட்ட நாவலுக்கு அட்டை கேட்டால் முதலில் கைக்கு வருவது நெருப்பு. நெருப்பைப் போடுவது தவறு என்று என் அபிப்பிராயம். நாவலாசிரியர் இருநூறு பக்கம் நடத்திக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தை அட்டை வாசலிலேயே கொட்டிவிடுகிறது; செத்தவர்களை அலங்காரமாகவும் ஆக்கிவிடுகிறது. அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்டதில் தொடங்கிய சண்டை அது. அளக்கிற மரக்கால் ஒன்று போதும்.

இதில் உலகத்துக்கே பாடம் நடத்தியவர் காஃப்கா. 1915இல் அவருடைய ‘உருமாற்றம்’ அச்சுக்குப் போனபோது, அந்தப் பூச்சியை மட்டும் வரைந்துவிட வேண்டாம், தூரத்திலிருந்துகூடக் காட்ட வேண்டாம் என்று பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். ஓட்டோமார் ஷ்டார்க்கே வரைந்த அட்டையில் ஒரு மனிதன் முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டு கதவுக்கு எதிர்ப்புறம் திரும்பி நிற்கிறான். கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது, உள்ளே இருட்டு. பூச்சி இல்லை, பயம் இருக்கிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. 1925இல் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’க்கு ஃபிரான்சிஸ் குகாட் தயாரித்த அட்டை, நாவல் முடியும் முன்பே தயாராகிவிட்டது. அந்த அட்டையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், அதை நான் நாவலுக்குள் எழுதிச் சேர்த்துவிட்டேன் என்று ஆசிரியர் பதிப்பாளருக்கு எழுதினார். ஓவியம் கதைக்குப் பின்னால்தான் நடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நம் நாட்டு உதாரணம் வேண்டுமென்றால் சத்யஜித் ராய். சினிமாவுக்கு வரும் முன் கல்கத்தாவின் சிக்னெட் பிரஸ்ஸுக்கு அட்டை வரைந்தவர். ஜிம் கார்பெட்டின் குமாவுன் ஆட்கொல்லிப் புலிகளின் வங்காளப் பதிப்புக்கு அட்டை முழுவதும் புலித்தோலைப் பரப்பினார். முன்னட்டையில் குண்டு நுழைந்த சின்ன ஓட்டை, பின்னட்டையில் அது வெளியேறிய பெரிய ஓட்டை. புத்தகத்தின் தடிமனையே புலியின் உடம்பாக்கிவிட்டார். பின்னட்டை என்றால் ஆசிரியர் புகைப்படமும் பாராட்டு வாசகமும் போடுகிற இடம் என்று நினைக்கிற நம் ஊர்ப் பழக்கத்துக்கு இதைவிடப் பெரிய பதில் கிடையாது.

படம் யாருக்குச் சொந்தம்

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று வரைந்து கொடுத்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது. தமிழ்ப் பதிப்புலகில் அட்டைக்கு ஒப்பந்தம் எழுதுவது அபூர்வம். எனவே ஒருமுறை தொகை வாங்கிக்கொண்ட ஓவியர், அந்தப் படம் பத்துப் பதிப்பு வந்தாலும், காலண்டராகத் தொங்கினாலும், பையில் அச்சாகி விற்றாலும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். ஆனால் அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. உரிமை கைமாறினாலும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், பெயர் கெடும்படி அதைச் சிதைத்தால் தட்டிக் கேட்கும் உரிமையும் படைத்தவரை விட்டுப் போகாது. சிற்பி அமர்நாத் சேகல் தம் சுவர்ச் சிற்பத்துக்காக இந்திய அரசின் மேலேயே வழக்குப் போட்டு 2005இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தது இந்தப் பிரிவை வைத்துத்தான். பெயர் போடுவது ஓவியருக்குக் காட்டும் தயவல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நாட்டுடைமையான நூல்களின் நிலைமை இன்னும் வேடிக்கையானது. கல்கியை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றானதும் பொன்னியின் செல்வனுக்கு ஊர்ப்பட்ட பதிப்புகள் வந்தன. கல்கியின் எழுத்துக்கு உரிமை தீர்ந்துவிட்டது என்பதால் 1968இல் மறைந்த மணியத்தின் கோடுகளுக்கும் தீர்ந்துவிட்டது என்று பலர் தாமாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். இரண்டும் தனித்தனிக் கணக்கு. நந்தினியின் கொண்டையைக் கணினியில் நகலெடுத்து, வண்ணம் பூசி, பெயரை மட்டும் விட்டுவிடுகிற அட்டைகளைக் கண்காட்சியில் பார்க்கலாம்.

2022க்குப் பிறகு புதுக் கூட்டாளி ஒருவர் வந்திருக்கிறார். நாலு சொல் தட்டினால் படம் போட்டுக் கொடுக்கும் மென்பொருள். சரித்திர நாவல் அட்டைகளில் இதன் கைவரிசை இப்போது நிறையவே தெரிகிறது. ராஜராஜன் காலத்துத் தஞ்சையில் நாயக்கர் காலத்து ராஜகோபுரம் நிற்கும். இளவரசி வடநாட்டு மணப்பெண் மாதிரி முக்காடு போட்டிருப்பாள். குதிரைக்கு ஐந்தாவது கால் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். நான் எந்திரத்தின் எதிரி அல்ல. பிளாக் போய் ஆஃப்செட் வந்தபோதும் இப்படித்தான் பேசினார்கள். ஆனால் அட்டைக்குப் பிரதியைப் படிக்கிற ஒருவர் வேண்டும், விகாரம் இப்படி இருந்திருக்காது என்று எழும்பூர் வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஒருவர் வேண்டும். மென்பொருள் பிழைத்துப் போவது, நாம் ஏற்கெனவே ஓவியருக்குப் பிரதி கொடுப்பதை நிறுத்திவிட்டோம் என்பதால்தான். நாலு வரிச் சுருக்கத்துக்கு எந்திரமும் மனிதனும் ஏறக்குறைய ஒரே அட்டையைத்தான் தருவார்கள்.

பணம் இல்லாததால்தான் இப்படி என்ற சமாதானத்தை நான் பாதிதான் ஏற்கிறேன். சென்னையின் தாரா புக்ஸ் கையால் செய்த தாளில் சில்க் ஸ்கிரீன் முறையில் கோண்டு ஓவியர்களின் மரங்களை அச்சிட்டு 2006இல் கொண்டுவந்த புத்தகம், மூன்று ஓவியர்களின் பெயரையும் ஆசிரியர் பெயராகவே முன்னிறுத்தியது. 2008இல் போலோனா பரிசும் வாங்கியது. அது ஆங்கிலச் சந்தை, விலை வேறு, உண்மைதான். ஆனால் பெயர் போடுவதற்குப் பைசா செலவில்லை. பிரதியை இரண்டு மாதம் முன்னால் அனுப்புவதற்கும் செலவில்லை.

பதிப்பாளர்களிடம் கேட்பது மூன்றே. ஓவியருக்கு முழுப் பிரதியைக் கொடுங்கள். மறுபதிப்புக்கும் தொகை உண்டா இல்லையா என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பழைய தொடர்கதைகளை மீண்டும் அச்சிடும்போது, வாரா வாரம் வந்த படங்களையும் உரியவர்களிடம் அனுமதி வாங்கிச் சேருங்கள். இன்றைய அச்சில் கோட்டோவியத்துக்குத் தனிச் செலவு கிடையாது. வாசகரிடம் கேட்பது ஒன்று. அடுத்த முறை புத்தகம் வாங்கும்போது தலைப்புப் பக்கத்தைத் திருப்பி, அட்டை வரைந்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஸ்டாலில் இருப்பவரிடமே, இதை வரைந்தது யார் என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அடுத்த பதிப்பில் பெயர் வந்துவிடும்.